சீட்டு எடுத்தால் போதுமா? விசுவாசிகளின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஸ்தோத்திரம் அண்ணா. புத்தாண்டு ஆராதனையில் டப்பாவிலிருந்து சீட்டு மாதிரி எடுத்த, பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையில் "நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ" என்று இருந்தது. துபாய் வேலைக்குக் கிளம்பிவிடவா?

பதில்: தம்பி, அந்த டப்பாவில் கைவிட்ட எல்லாருக்கும் ஏதோ ஒரு வசனம் வரத்தான் செய்யும். யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலராக மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள், சரி, ஆனால் இயேசுவோடு ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்தவர் யார் என்று பார்த்து இரண்டு பேரை நிறுத்திவிட்டு அப்புறம்தான் போட்டார்கள். ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா, 30,000 ரூபாய்க்கும் ஜிஎஸ்டிக்கும் மேல் கேட்கிறாரா, ஊரில் அம்மாவை யார் பார்ப்பது, இதையெல்லாம் முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் எடுத்த குடும்பம். என் சாதிச் சான்றிதழில் மட்டும் 'இந்து ஆதிதிராவிடர்' என்று இருக்கிறது. குரூப் 4 தேர்வுக்கு அதைக் காட்டலாமா?

பதில்: இப்படிக் கேட்கிறவரை விசுவாசம் இல்லாதவர் என்று திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை எஸ்சி என்றால் இந்து என்றது, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்ததும் ஊர் நம்மைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டதா என்ன, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் நிற்கிறது. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனாலும் அதைக் காட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்பது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது, வேலையில் சேர்ந்து பல வருடம் கழித்துக்கூட யாராவது புகார் போடலாம். அதைவிட, ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து எடுத்த கையால் திங்கட்கிழமை இந்து என்று கையெழுத்துப் போடுவது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். எஸ்சியிலிருந்து வந்த கிறிஸ்தவருக்குத் தமிழ்நாட்டில் பிசி சான்றிதழ் உண்டு. போட்டி கடுமை, கட்-ஆஃப் ஏறும், அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும். உண்மையாய் இரு என்று பிரசங்கிக்கிற சபை உங்கள் கோச்சிங் ஃபீஸையாவது கட்டட்டும், கமிட்டியில் வெட்கப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: ஆபீஸில் ஆயுத பூஜைப் பொரி கொடுத்தால் வாங்கலாமா ஐயா?

பதில்: விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பேசுகிற 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்கள் இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். படைத்தது என்று தெரிந்தால் நான் சாப்பிடுவதில்லை, ஆனால் கொடுக்கிறவர் முகத்துக்கு நேரே பிரசங்கம் பண்ணவும் மாட்டேன்.

கேள்வி: அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார், இனி தேற மாட்டார் என்கிறார்கள். அதை எடுத்தால் கொலை என்கிறார் அண்ணன்.

பதில்: இல்லை சகோதரி. சாவைத் தள்ளிப்போட மட்டுமே உதவுகிற, பெரும் பாரமான சிகிச்சையைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1957-லேயே போப் பன்னிரண்டாம் பயஸ் டாக்டர்களிடம் சொன்னார், நம் புராட்டஸ்டன்ட் போதகர்களிலும் பலர் அப்படித்தான் சொல்வார்கள். சட்டமும் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பிலிருந்து வழிவிடுகிறது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கினார்கள், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். டாக்டரிடம் பேசப் போகும்போது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள், வெளியே உட்கார வைக்காதீர்கள்.