பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு ட்ரிக்கரை மாற்றினால் ஸ்கோர் ஏறுமா?

கேட்டவர் காரைக்குடிக்காரர். மகள் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். அமெரிக்காவில் ஏஆர்-15க்கு ட்ரிக்கர் மாற்றுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இதற்கும் ஒன்று வாங்கிப் போடலாமா என்கிறார்.

வாங்க வேண்டாம். ஏஆர்-15 என்கிற அந்த செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் கம்பெனி ட்ரிக்கரை இழுக்க இரண்டரை கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். அதனால் ஒன்றரை கிலோவில் விடுபடுகிற ரெடிமேட் செட்டை வாங்கி மாட்டுகிறார்கள். போட்டி ஏர் ரைஃபிள் கதையே வேறு. ஃபைன்வெர்க்பாவ், வால்தர், ஸ்டெயர் எந்தக் கம்பெனியானாலும் ட்ரிக்கர் நூறு கிராம் அளவு பலத்திலேயே விடுபடும். சர்வதேச விதியில் ஏர் பிஸ்டலுக்குத்தான் ட்ரிக்கர் எடை, அதாவது இழுக்க வேண்டிய பலம், குறைந்தது 500 கிராம் என்ற கட்டாயம். ஏர் ரைஃபிளுக்கு ட்ரிக்கர் எடை வரம்பே கிடையாது. கையில் இருப்பதைச் சரியாக வைத்துக்கொள்வதுதான் வேலை.

முதலில் பிளேடு, அதாவது ட்ரிக்கரில் விரல் படுகிற தகடு. அது முன்னும் பின்னும் நகரும். ஆள்காட்டி விரலின் முதல் கணு சதை மட்டும் அதில் பட வேண்டும், விரல் துப்பாக்கியின் கட்டையில் உரசக் கூடாது. என் அண்ணன் மகளுக்கு வளவில் வைத்துத்தான் இதைச் சரிபார்த்தோம். பழைய வீட்டில் பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கும், அதற்காவது அந்த நீளம் உதவட்டும்! குண்டு போடாமல், டிரை ஃபயர் நிலையில் வைத்து, சுவரில் ஒட்டிய கருப்புப் புள்ளியைக் குறி பார்த்து இழுக்கச் சொன்னேன். 'கிளிக்' என்ற நொடியில் முன்சைட் வளையம் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் ஓடியது. "சித்தப்பா, நான் ஆட்டவே இல்லையே" என்றாள். ஆட்டவில்லைதான், விரல் பக்கவாட்டில் தள்ளியது. பிளேடைச் சில மில்லிமீட்டர் முன்னே நகர்த்தியதும் ஓட்டம் நின்றது.

அப்புறம் எடை. இழுப்பு இரண்டு கட்டமாக வரும்: முதலில் லேசான பயணம், பிறகு ஒரு தடை. அந்தத் தடையில் விரல் தெளிவாக நிற்க வேண்டும். மொத்த எடையில் பாதிக்கு மேல் முதல் கட்டத்துக்கே கொடுத்தால் தடையைத் தாண்ட லேசான அழுத்தம் போதும். பழகுகிறவருக்கு மொத்தம் 150 கிராம் வைக்கலாம் என்பது என் கணக்கு. சித்திரை வெயிலில் சுடும்போது போடுகிற கனமான கான்வாஸ் ஜாக்கெட்டுக்குள் வியர்த்து நிற்கிற பிள்ளைக்கு எண்பது கிராம் வைத்தால், குறி கூடும் முன்பே குண்டு போய்விடும்.

ட்ரிக்கர் ஸ்குரூக்களைத் திருகும் ஆலன் கீயை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். ட்ரிக்கர் பின்னால் போகிற தூரத்தை நிறுத்துகிற ஸ்டாப் ஸ்குரூவை அதிகம் முடுக்கினால் ட்ரிக்கர் விடுபடாமலே போகும். சுடும் வரை பிடித்து நிறுத்துகிற கொக்கிக்கான சியர் ஸ்குரூவைத் தொடவே வேண்டாம். முடித்ததும் குண்டில்லாமல் காக் செய்து (சுடத் தயாராக ஏற்றி வைத்து), கட்டையின் அடியைத் தலையணையில் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். தானாக விடுபட்டால் எடை போதாது.

உங்கள் மகளிடம் இருப்பது குழலை மடித்து ஏற்றுகிற ஸ்பிரிங் ரைஃபிள் என்றால், குண்டில்லாமல் சுட்டுப் பழகவும் கூடாது, பிஸ்டன் கெட்டுவிடும். அதற்கு ட்ரிக்கர் தேடுவதைவிட, கிளப்பில் போட்டி ரைஃபிளை இரவல் கேட்டுப் பழகச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் ட்ரிக்கர் மாநிலப் போட்டி வரை வந்த பிறகு யோசிக்க வேண்டிய செலவு. இப்போது அந்தப் பணத்துக்கு நல்ல பெல்லட்டாக வாங்கிக் கொடுங்கள். ஒரு போட்டிக்கே அறுபது குண்டு போகிறது.