கடன் வாங்கிச் சேர வேண்டாம்

தம்பி, டிப்ளமோ முடித்து அல்சூரில் தங்கி கால்சென்டரில் இரவு வேலை பார்ப்பதாகவும், சைபர் பாதுகாப்பு கற்றுத்தரும் பெங்களூரு பயிற்சி நிலையம் ஒன்று 'வேலை உத்தரவாதம்' சொல்லி ஒன்றரை லட்சம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடன் வாங்கிக் கட்டாதீர்கள். அந்த உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறிவிடும். நானும் அப்படிக் கட்டி இழந்தவன்.

முதலில் நெட்வொர்க்கும் லினக்ஸ் இயங்குதளமும் கற்றுக்கொள்ளுங்கள். 'ஓவர்தவயர்' (OverTheWire) இணையதளத்தின் 'பேண்டிட்' விளையாட்டு இலவசம். ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான கடவுச்சொல்லை லினக்ஸ் கட்டளைகளால் தேடி எடுக்க வேண்டும். பிறகு உங்கள் விண்டோஸ் கணினியில் வேண்டுமென்றே நான்கு முறை தவறான கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு, சரியானதைப் போட்டு உள்ளே செல்லுங்கள். கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் (Event Viewer) பாதுகாப்புப் பதிவைத் திறந்தால் தோல்வியுற்ற முயற்சிகள் 4625 என்ற எண்ணிலும், வென்றது 4624 என்ற எண்ணிலும் நிற்கும். (தோல்விகள் பதிவாகவில்லையென்றால் விண்டோஸின் தணிக்கை அமைப்பில் (Audit Policy) அதை இயக்க வேண்டும்.) வரிசையாக 4625, கடைசியில் ஒரு 4624 என்றால் யாரோ கடவுச்சொல்லை ஊகித்து நுழைந்திருக்கலாம். நிறுவனங்களின் கணினிகளைக் காக்கும் சைபர் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் புதிதாகச் சேர்பவர் இரவெல்லாம் படிப்பது இத்தகைய வரிகளைத்தான். இரவில் விழித்து வேலை செய்த பழக்கம் உங்களுக்குப் பெரிய பலம், நேர்முகத்தில் தயங்காமல் சொல்லுங்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமான நைலிட் (NIELIT) நடத்தும் படிப்புகளை முதலில் பாருங்கள். பிறர் கணினியில் அனுமதியின்றி எதையும் சோதிக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. பேண்டிட்டில் எந்தப் படியில் நின்றாலும் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.