கனடாவின் கைத்துப்பாக்கித் தடையால் குற்றவாளிகளின் கையில் இருக்கும் துப்பாக்கிகள் குறையுமா?

2022 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் தனிநபர்கள் கைத்துப்பாக்கிகளை வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ முடியாது. இதை முன்வைத்துக் கேட்டவர், "தெருவில் சுடுபவன் உரிமம் எடுத்துக்கொண்டா சுடுகிறான்? உரிமம் உள்ளவரைத் தடுத்து என்ன பயன்?" என்றும் சேர்த்திருக்கிறார். குறையும், ஆனால் மிக மெதுவாகக் குறையும். ரொறன்ரோவில் வெடிக்கும் துப்பாக்கிகளில் பெரும்பகுதியை அந்தத் தடை தொடவே தொடாது என்பதுதான் என் பதில்.

நான் தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வாழ்கிறேன். எங்கள் தமிழ் இளைஞர் குழுக்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட அந்த ஆண்டுகளில், பிள்ளைகளை டோனட் கடைக்கு அனுப்பப் பயந்த பெற்றோரில் நானும் ஒருவன். அந்தப் பையன்களில் எவரிடமும் உரிமம் இருந்திருக்காது, ஆனாலும் துவக்கு இருந்தது. சுட்டவன் யார், எந்தக் குழு, எந்த ஊர்க்காரன் என்று பேசிய நாங்கள், அந்தத் துவக்கு எந்த வழியாக வந்தது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதாக நினைவில்லை. தடையைப் பற்றிய விவாதம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

தடைக்கு முன்பும் இங்கே கைத்துப்பாக்கி எளிதில் கிடைத்த பொருள் அல்ல. 1934 முதலே ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். என் நண்பர் ஒருவர் குறிபார்த்துச் சுடும் கழகத்தில் உறுப்பினர். அவர் இரண்டு வகுப்புகளில் தேறி, பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு, மாதக்கணக்கில் காத்திருந்துதான் உரிமம் பெற்றார். துப்பாக்கிகளைப் பூட்டிய பெட்டியில் வைத்து வீட்டிலிருந்து சுடுகூடத்துக்கு நேர்வழியில்தான் கொண்டுபோகலாம். இப்படிப் பதிவு செய்யப்பட்டவை நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன. 2022இன் ஆணை அவற்றைப் பறிக்கவில்லை. இருப்பவர் கையிலேயே உறைய வைத்தது. நண்பர் தம்முடைய இரண்டையும் இறக்கும்வரை வைத்திருக்கலாம், மகனுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. அவருக்கு இப்போது வயது அறுபத்திரண்டு. இந்தத் தடை எவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, 2022 மே 30இல் அறிவிப்பு வந்த நாளுக்கும் ஒக்டோபருக்கும் இடையில் மக்கள் கடைகளில் வரிசையில் நின்று இருப்பை வாங்கித் தீர்த்தார்கள். உறைய வைக்க வந்த சட்டம் முதலில் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுத்தான் உறைந்தது.

அண்மைக்காலத்தில் இந்நாட்டை உலுக்கிய மூன்று கொலைச் சம்பவங்களை நினைத்துப் பார்க்கலாம். 2017 ஜனவரி 29இல் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் ஆறு பேரைக் கொன்றவன் கைத்துப்பாக்கியை உரிமத்தோடு சட்டப்படி வைத்திருந்தவன். அவன் கொண்டுவந்த நீளத்துப்பாக்கி சிக்கிக்கொண்டதால் கைத்துப்பாக்கியாலேயே அத்தனை பேரையும் சுட்டான். 2018 ஜூலை 22இல் ரொறன்ரோவின் டான்ஃபோர்த் வீதியில் ஒரு சிறுமியையும் ஓர் இளம்பெண்ணையும் கொன்று பதின்மூன்று பேரைக் காயப்படுத்தியவனிடம் உரிமம் இல்லை. அவன் கையில் இருந்தது சஸ்காச்சுவான் மாகாணத்தில் சில ஆண்டுகளுக்கு முன் களவுபோனதாகப் பதிவான துப்பாக்கி. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேரைக் கொன்றவனிடமும் உரிமம் இருக்கவில்லை. அவனுடைய இரண்டு கைத்துப்பாக்கிகளும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவை. 2022இன் தடை முன்பே இருந்திருந்தால் முதலாமவனுக்குக் கைத்துப்பாக்கி கிடைப்பது கடினமாகியிருக்கும், இரண்டாமவன் விடயத்தில் களவாட ஒரு துப்பாக்கி குறைந்திருக்கும், மூன்றாமவனை அது சிறிதும் தடுத்திருக்காது. தடையை ஆதரிப்பவர் முதல் இரண்டையும் எதிர்ப்பவர் மூன்றாவதையும் மட்டுமே சொல்வதை நான் பல கூட்டங்களில் கேட்டுச் சலித்துவிட்டேன்.

அடுத்தது சதவீதச் சண்டை. 2018இல் ரொறன்ரோ மாநகர சபை நகருக்குள் கைத்துப்பாக்கி விற்பனையைத் தடை செய்யுமாறு மத்திய அரசைக் கேட்டபோது, குற்றத்துப்பாக்கிகளில் ஏறத்தாழப் பாதி உள்நாட்டிலேயே கிடைத்தவை என்ற பேச்சு பரவலாக இருந்தது. இன்று ரொறன்ரோ பொலிஸார் தரும் கணக்கிலோ, மூலம் கண்டறியப்பட்ட குற்றக் கைத்துப்பாக்கிகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. "மூலம் கண்டறியப்பட்ட" என்ற சொற்களைக் கவனியுங்கள். தொடரிலக்கம் அராவி அழிக்கப்பட்டவற்றையும் வீட்டில் அச்சிட்டுப் பொருத்தியவற்றையும் பெரும்பாலும் தடம் காண முடிவதில்லை. ஒன்ராறியோவில் மாகாணப் பொலிஸின் தனிப்பிரிவே இந்த வேலையைச் செய்கிறது, ஆனால் நாடு முழுவதற்கும் இது கட்டாயமாக இருக்கவில்லை. "குற்றத்துப்பாக்கி" என்பதற்குக்கூட ஊருக்கு ஊர் வரைவிலக்கணம் வேறு: சில இடங்களில் குற்றத்தில் பயன்பட்டவை மட்டும், சில இடங்களில் எக்காரணத்துக்காகவேனும் பொலிஸார் கைப்பற்றியவை எல்லாம். அளவுகோலே ஊருக்கொன்றாக இருக்கும்போது ஒரு தரப்பு நாட்டுப்புறத்து வேட்டைத் துப்பாக்கிகளையும் சேர்த்து எண்ணும், மறுதரப்பு ரொறன்ரோவை மட்டும் எண்ணும்; இரண்டு கணக்கும் அவரவர் வரையில் சரியாகவே இருக்கும்.

தடம் காணும் முறையை அறிந்தபோது நான் வியந்தேன். இங்கே கைப்பற்றிய துப்பாக்கியின் இலக்கம் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பேர்க் என்ற ஊரிலுள்ள மத்திய நிலையத்துக்குப் போகிறது. துப்பாக்கி உரிமையாளர் பதிவேடு எதையும் மத்திய அரசு வைத்திருக்கக்கூடாது என்று அந்நாட்டில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பதால், பெயரைத் தட்டித் தேடும் வசதி அங்கே கிடையாது. ஊழியர்கள் உற்பத்தியாளரைத் தொலைபேசியில் அழைத்து, அவரிடமிருந்து மொத்த வியாபாரியையும் அவரிடமிருந்து சில்லறைக் கடையையும் அறிந்து, கடைக்காரர் எடுத்துப் பார்க்கும் படிவத்திலிருந்து முதலில் வாங்கியவரின் பெயரைப் பெறுகிறார்கள். மூடப்பட்ட கடைகளின் ஏடுகள் என்றால் படமெடுத்து வைத்த பக்கங்களைக் கண்ணால் புரட்ட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கிடைப்பது முதல் ஆள் மட்டுமே. அவர் யாருக்கு விற்றார் என்பதற்குப் பல மாநிலங்களில் எந்த எழுத்தும் இருக்காது.

அங்கே குற்றப்பதிவு இல்லாத ஒருவர் கடையில் சில நூறு டொலருக்கு வாங்கி, உண்மையில் இன்னொருவருக்காக வாங்கியதை மறைத்து, கைமாற்றுகிறார். ரொறன்ரோவில் அதற்குப் பல ஆயிரம் டொலர் கிடைக்கிறது. இந்த இலாபம் இருக்கும்வரை, 8,891 கிலோமீற்றர் எல்லையில் வழிக்குப் பஞ்சமில்லை. பாலங்களைக் கடக்கும் கார்களின் உட்புறத்தில் மறைத்துக் கொண்டுவருகிறார்கள். இரண்டு நாட்டு எல்லையும் ஊடறுக்கும் அக்வெசாஸ்னி பகுதியில் ஆற்றைப் படகால் கடக்கிறார்கள். 2022 வசந்தத்தில், எல்லையாக ஓடும் சென்ட் கிளெயர் ஆற்றின் கனடியக் கரையில் போர்ட் லாம்ப்டன் என்ற சிற்றூரில் ஒரு வீட்டு மரத்தில் சிக்கிக்கிடந்த ட்ரோனில் பதினொரு கைத்துப்பாக்கிகள் இருந்தன. மரம் குறுக்கே நின்றதால் அது தெரியவந்தது.

எதிர்ப்பாளர்கள் எளிதில் கடந்துபோகும் உள்நாட்டுக் கசிவையும் சொல்லவேண்டும். 2010க்குப் பிந்திய சில ஆண்டுகளில், உரிமம் பெற்ற ஒரு ரொறன்ரோக்காரர் நாற்பதுக்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைச் சட்டப்படி கடையில் வாங்கிக் குற்றக்கும்பல்களுக்கு விற்றுப் பிடிபட்டார். பதிவேடு இருந்தது, இலக்கம் இருந்தது, வாங்கிய வேகம் அரசாங்கத் திரையிலேயே தெரிந்தது. உரிய நேரத்தில் எவரும் பார்க்கவில்லை. இந்த வழியை 2022இன் ஆணை உண்மையாகவே மூடிவிட்டது. அது சிறிய வழி என்பதற்காக மூடியது வீண் என்று நான் சொல்லமாட்டேன். பாத்திரத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் சிறியதை முதலில் அடைப்பதில் தவறில்லை, பெரியதையும் அடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வதுதான் தவறு.

பிரித்தானியாவை உதாரணம் காட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1996இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் கொல்லப்பட்ட பிறகு, அங்கே 1997இல் தனியார் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டு ஏறத்தாழ 1,62,000 துப்பாக்கிகள் நட்டஈடு கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டன. ஆனாலும் கைத்துப்பாக்கிக் குற்றங்கள் உடனே குறையவில்லை. சில ஆண்டுகள் கூடி, அதன் பிறகே இறங்கின. இடையில் காற்றுத்துப்பாக்கிகளை உண்மையான தோட்டா சுடும்படி மாற்றும் தொழில் வளர்ந்து, அதற்கும் தனிச்சட்டம் தேவைப்பட்டது. கடல் சூழ்ந்த நாட்டுக்கே அப்படியென்றால், தரைவழியில் அமெரிக்காவை அயலாகக் கொண்ட நாட்டுக்கு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2023 டிசெம்பர் 15இல் நிறைவேறிய சட்டம் அந்தத் தடையை நிரந்தரமாக்கியதோடு, துப்பாக்கி கடத்துவோருக்கான உச்சத் தண்டனையையும் பத்தாண்டிலிருந்து பதினான்காண்டாக உயர்த்தியது. தண்டனையின் அளவைவிடப் பிடிபடும் வாய்ப்பே கடத்துபவனை யோசிக்க வைக்கும் என்பது என் எண்ணம். கைப்பற்றிய ஒவ்வொரு துப்பாக்கியையும் எல்லா மாகாணங்களிலும் ஒரே வரைவிலக்கணத்தின்கீழ்த் தடம் கண்டு, அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும் என்றே என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதினேன். கைத்துப்பாக்கித் தடையைப் பாராட்டியதற்கு நன்றி என்று பதில் வந்தது. நான் என் கடிதத்தில் தடையைப் பாராட்டவும் இல்லை, பழிக்கவும் இல்லை.