பிஎச்.டி. மாணவர்களுக்குத் தரும் ‘நுண்நிலைக் கற்பித்தல்’ பயிற்சி என்றால் என்ன?

ஒரே ஒரு கற்பித்தல் திறனை மட்டும், 5 முதல் 10 பேர் முன்னால், சில நிமிடம் பழகிப் பார்ப்பதுதான் நுண்நிலைக் கற்பித்தல். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்திய முறையில் ஒரு சுற்று 36 நிமிடம்: பாடம் 6, பார்த்தவர்கள் கருத்து 6, திருத்தம் 12, மறுபாடம் 6, மறுகருத்து 6.

ஏன் தேவை? ஒரு பொருளில் ஊறியவருக்கு, தான் எந்தெந்தப் படி ஏறி வந்தோம் என்பதே மறந்துவிடும். கேள்வி கேட்பதையே பாருங்கள். புதியவர் ‘புரிஞ்சுதா?’ என்பார், ஒரு விநாடிகூடப் பொறுக்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். யாரும் வாய் திறக்க நேரமே இருக்காது. மறுபாடத்தில் ‘இந்தக் கோடு இங்கே ஏன் வளைகிறது?’ என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா நிற்க வேண்டும். (அந்த ஐந்து விநாடிதான் பலருக்குப் பெரும்பாடு.)

பந்திக்கு இலை போடுமுன் உள்ளங்கையில் ஒரு சொட்டு சாம்பார் விட்டு உப்புப் பார்ப்பது போலத்தான் இது. அண்டா இறங்கிய பிறகு தெரிந்து என்ன பயன்?

‘இதெல்லாம் பி.எட். படிப்பவர்களுக்குத்தானே’ என்பது தவறு: துறை எதுவானாலும் பிஎச்.டி. மாணவர்கள் கற்பித்தல், எழுதுதல் போன்றவற்றில் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன 2022-ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகள்.