ஜன்னலை எப்போது திறக்கலாம்? டெல்லிக் குளிர்காலத்துக்குச் சில பதில்கள்

ஐப்பசி பிறந்து டெல்லிக் காற்று மாசுபடத் தொடங்கிவிட்டால், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இருமலைப் பற்றி இருக்கும், மீதி ஏர் பியூரிஃபையர் விலையைப் பற்றி. நெஞ்சக மருத்துவன் என்ற முறையில் முதலாவதற்குத்தான் நான் பொறுப்பு. இரண்டாவதையும் விடுவதாயில்லை.

கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்திருக்கிறார். 70 வயது, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். காலை ஐந்தரைக்கெல்லாம் சஞ்சய் ஏரிப் பூங்காவுக்கு நடக்கக் கிளம்பிவிடுகிறார். "விடியற்காலைக் காற்றுதான் சுத்தம்" என்கிறார். தடுக்கலாமா? (மயூர் விஹார்)

காவிரிக் கரையில் அவர் சொல்வது சரி. யமுனைக் கரையில், கார்த்திகை மார்கழியில், அது தலைகீழ். ராத்திரியில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகிறது. அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று இட்லிப் பானை மூடி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. இரவெல்லாம் ஓடிய லாரிப் புகை, குப்பை எரித்த புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். ஆகவே குளிர்காலத்தில் நடக்க ஏற்ற நேரம் பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிக்குள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். வேகமாக நடந்தால் 20 லிட்டரைத் தாண்டிவிடும், அதுவும் வாய் வழியாக. பிஎம் 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் கடைசி அறை வரை போய், அதில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கிறது. மாசு கூடிய நாட்களில் மாரடைப்பும் கூடுவதற்கு இது ஒரு காரணம். ஸ்டென்ட் வைத்தவருக்கு இருமலே வரவில்லை என்பதால் பாதிப்பில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தடுக்க வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் வெயிலில் அரை மணி நேரம் நடக்கட்டும். மோசமான நாளில் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம். என் அப்பாவிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது, அதனால் பொறுமையாகப் பேசுங்கள்.

ஒரே நேரத்தில் காற்றுத் தரக் குறியீடு (ஏக்யூஐ) ஒரு ஆப்பில் 380 என்கிறது, இன்னொன்றில் 700 என்கிறது. எதை நம்புவது? (ஆர்.கே. புரம்)

இரண்டுமே பொய் சொல்லவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப் காட்டுவது கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. அதன் அளவுகோல் 500உடன் நின்றுவிடும். தனியார் ஆப்கள் பலவும் அந்த நேரத்து நிலவரத்தைக் காட்டுகின்றன, பெரும்பாலும் அமெரிக்க அளவுகோலில். அதற்கு 500 எல்லை இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 இருந்தால் நம் குறியீடு 100 என்று காட்டி, 'திருப்திகரம்' என்று சொல்லும். அமெரிக்கக் கணக்கில் அதே காற்று 150ஐத் தாண்டி, உடல்நலத்துக்குக் கேடு என்ற பிரிவுக்குள் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளைக்கு வைத்த வரம்பு 15 மைக்ரோகிராம்தான். அதனால் குறியீட்டு எண்ணை விட்டுவிட்டு, பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்பதைப் பாருங்கள். காய்ச்சலை டிகிரியில் பார்ப்பது மாதிரி, அதில் குழப்பமே வராது.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? ஒன்றுதான் வாங்க முடியும். (ஜனக்புரி)

ஒன்றே போதும். அதைக் கூடத்தில் வைக்காமல் படுக்கையறையில் வையுங்கள். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் ஒரே அறைக்குள் மூடிக்கொண்டு இருப்பது தூங்கும்போதுதான். குழந்தைகளும் பெரியவர்களும் அந்த ஒரு அறையிலேயே படுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, நுண்துகளைப் பிடிக்கும் உண்மையான ஹெப்பா ஃபில்டர். இன்னொன்று, சிஏடிஆர் என்ற எண், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது. 12க்கு 12 அடி, 10 அடி உயரமுள்ள அறையில் சுமார் 41 கன மீட்டர் காற்று இருக்கும். அதை மணிக்கு ஐந்து தடவை சுத்தம் செய்ய 200 தேவை. கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள், ஏனென்றால் சத்தம் தாங்காமல் எல்லோரும் குறைந்த வேகத்தில்தான் ஓட்டுகிறோம். அயனி, ஓசோன் என்று விளம்பரப்படுத்துவதை விட்டுவிடுங்கள். ஓசோனே நுரையீரலை எரிக்கும் வாயு. ஃபில்டர் விலையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் ஒரு வருடம் வரும் என்று போட்டிருந்தாலும் டெல்லியில் ஒரே குளிர்காலத்தில் அது கரிக்கட்டையாகிவிடலாம்.

நாள் முழுவதும் ஜன்னலை அடைத்தே வைத்தால் மூச்சு முட்டும். பகல் ஒன்று, இரண்டு மணிக்குக் கொஞ்ச நேரம் திறந்து மூடுங்கள்.

பியூரிஃபையர் ஓடியும் மாலையில் சிவப்பு விளக்கு எரிகிறது. மெஷின் கெட்டுவிட்டதா? (கரோல் பாக்)

மாலை என்கிறீர்களே, விளக்கேற்றும் நேரமா? ஊதுவத்தி, சாம்பிராணி, அப்புறம் கொசுவர்த்தி. ஒரு கொசுவர்த்திச் சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மெஷின் நன்றாகவே இருக்கிறது, அது உங்களைத்தான் காட்டிக்கொடுக்கிறது. கொசுவுக்கு வலை கட்டுங்கள். சாமிக்குத் தூபம் கட்டாயம் வேண்டுமென்றால் பகலில், ஜன்னல் திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் போட்டுவிடுங்கள். சமையலறையில் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஓடட்டும்.

மணி பிளான்ட் வைத்தால்? வெல்லம் சாப்பிட்டால்? மிளகு ரசம்?

செடி கண்ணுக்குக் குளிர்ச்சி. நுண்துகளுக்கு அதனால் எதுவும் ஆகாது. வெல்லம் நெஞ்சைக் கழுவும் என்பது வடக்கத்தி நம்பிக்கை. வயிற்றுக்குப் போவது நுரையீரலுக்குப் போவதில்லை. மிளகு ரசம் தொண்டைக்கு இதம், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

மாஸ்க்கைத் துவைத்துப் போடலாமா?

என்95ஐத் துவைத்தால் வடிகட்டும் சக்தி போய்விடும். அழுக்கேறினாலோ மூச்சிழுக்கச் சிரமமானாலோ மாற்றிவிடுங்கள். மூக்குப் பாலத்தில் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று ஒழுகாமல் போடுவதுதான் முக்கியம். தாடி இருந்தால் ஒழுகும். துணி மாஸ்க் இந்த வேலைக்கு உதவாது. இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு எந்த மாஸ்க்கும் வேண்டாம்.

பையனுக்கு 7 வயது, வீசிங். இன்ஹேலர் பழகிவிடும் என்று பயந்து, இருமல் நின்றதும் நிறுத்திவிட்டோம். சென்னைக்கே மாற்றல் வாங்கிவிடலாமா? (சரோஜினி நகர்)

மாற்றலை அப்புறம் பார்க்கலாம், முதலில் இன்ஹேலர். தினமும் போடச் சொன்ன மருந்து மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கி வைக்கிறது. அது போதைப் பழக்கம் ஆகாது. நவம்பரில் அதை நீங்களாக நிறுத்துவது, மழை வரும்போது குடையை மடக்குவது மாதிரி. மருந்தின் அளவும் சிரப்பில் தருவதைவிட மிகக் குறைவு. ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்துப் போட்டு, பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். குளிர் தொடங்குமுன் ஃப்ளூ ஊசியும் போட்டுவிடுங்கள். குறைப்பதையும் நிறுத்துவதையும் உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சென்னைக் காற்று டெல்லியைவிட நல்லதுதான், கடல் காற்றின் புண்ணியம். ஆனாலும் அங்கேயும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை எட்டவில்லை, போகிப் புகையில் விமானங்கள் தாமதமான வருடமும் உண்டு. இழுப்பு கட்டுக்குள் இருந்தால் இங்கேயே படிக்கட்டும். மருந்து ஒழுங்காகப் போட்டும் ஒவ்வொரு குளிர்காலமும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்தால், அப்போது மாற்றல் கேளுங்கள்.

எல்லாம் பஞ்சாபில் வைக்கோல் எரிப்பதால்தானே? (துவாரகா)

ஐப்பசியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம் நெல் நடவைத் தள்ளிப்போட்டது. அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைப்பதற்குள் வைக்கோலை அகற்ற விவசாயிக்குச் சில வாரமே மிஞ்சுகிறது, தீக்குச்சிதான் மலிவு. ஆனால் நவம்பர் கடைசியோடு அந்தப் புகை அடங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் நாம் இழுப்பது பெரும்பாலும் டெல்லியும் சுற்றுவட்டாரமும் விடும் வண்டிப் புகை, ஆலைப் புகை, குப்பைப் புகை. இன்று இரவு கீழே இறங்கிப் பாருங்கள், வாட்ச்மேன் குளிருக்கு டயரும் கட்டையும் எரித்துக்கொண்டிருப்பார், அது நேராக உங்கள் முதல் மாடி ஜன்னலுக்கு வரும். குடியிருப்புச் சங்கத்தில் பேசி அவருக்கு ஒரு மின்சார ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள்.