குடியை நிறுத்திய மூன்றாம் இரவு

கணவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இல்லை, அவருக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இணையவழி ஆலோசகர் ஒருவரின் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் குடியை விட்டவர், மூன்றாம் இரவு உடம்பெல்லாம் வியர்த்து, சுவரில் எறும்பு ஊர்கிறதென்று துண்டால் அடித்துக்கொண்டே இருந்ததும், நீங்கள் பயந்துபோய் வாங்கிக் கொடுத்த குவார்ட்டர் உள்ளே போனவுடன் அடங்கியதும் ஒரே காரணத்தால்தான். பல ஆண்டுகள் மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றுபோனதும் கட்டுப்பாட்டை இழந்துவிடுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் நீங்கள் பார்த்த அந்தக் குழப்பம் வரலாம். சிகிச்சை கிடைக்காவிட்டால் அது உயிரையே பறித்துவிடக்கூடும்.

கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு முக்கியம். விடியற்காலையில் அவர் ரப்பர் பால் வெட்டப் போனால், முதல் சில மரங்களில் கத்தி பட்டையைத் தாண்டி மரத்திலேயே பாய்ந்துவிடுகிறது, தோட்டத்தில் ஒளித்து வைத்திருக்கும் புட்டியிலிருந்து இரண்டு மடக்குக் குடித்த பிறகே கை நடுக்கம் நிற்கிறது என்கிறீர்கள். காலையில் கை நடுக்கம் நிற்பதற்கே மது தேவைப்படுகிற ஒருவர், வீட்டில் இருந்தபடி தாமாகக் குடியை நிறுத்தவே கூடாது. இதை விசாரிக்காமல் 'இன்றே விட்டுவிடுங்கள்' என்று கைப்பேசியில் உபதேசம் செய்த அந்த ஆலோசகர்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே, இந்த வாரமே அவரை நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை நிறுத்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அங்கே உள்நோயாளியாகச் சேர்த்து, நடுக்கத்தை அடக்கும் டயசெபாம் போன்ற மருந்தை அளந்து கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடுவார் என்று உறவினர் சொல்வதைக் கேட்காதீர்கள். தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளைக்கே பாதிப்பு வரலாம். இடையில் வலிப்பு வந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கையில் சாவிக்கொத்தும் வேண்டாம், வாயில் தண்ணீரும் வேண்டாம்.

இணையத்தில் வரவழைத்த 'குடி மறக்கும் பொடி'யை மீன்குழம்பில் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. அதில் டைசல்ஃபிராம் என்னும் குடிநிறுத்த மருந்து இருந்து, அதை அறியாமல் அவர் குடித்தால், இரத்த அழுத்தம் சரிந்து இதயமே தடுமாறக்கூடும். நோயாளி அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டிய மருந்து அது.

தொலைபேசி ஆலோசனை வீண் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அதற்கான வேளை மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்று 14446 தனியாக இருக்கிறது. கணவர் தம் தாயாரின் பதினாறு அடியந்திரம் (பதினாறாம் நாள் சடங்கு) கழிந்து நான்கு மாதமாகியும் அம்மாவின் கட்டிலைப் பார்த்தால் அழுகிறார் என்பது நோயல்ல, துக்கம். அதைப் பேசித் தீர்க்க அந்த அழைப்புகள் உதவும். நீங்கள் அழைப்பதற்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை. தூக்கமில்லாமல் தவிக்கும் நீங்கள் இன்றைக்கே பேசலாம்.

ஒன்பதாம் வகுப்பு மகன் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் விளையாடுவதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். வீட்டுக்குள் நடப்பதைக் கேட்காமலிருக்க அவனுக்குக் கிடைத்த வழி அது. அவனும் குடிகாரனாகிவிடுவான் என்று சொல்லும் சோதிடரை விட்டுத்தள்ளுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது, தினமும் குடிக்கும் அளவையும் கடைசியாகக் குடித்த நேரத்தையும், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பொடிப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.