'மேலே போயிருக்கு' என்றால் எங்கே?

கேள்வி: மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். குடியுரிமை இன்டர்வியூ முடிந்து ஆறு மாதம் ஆகிறது, பதிலே இல்லை. கூடவே விண்ணப்பித்த நண்பர் உறுதிமொழியும் எடுத்துவிட்டார். எங்கள் பெயர்தான் காரணமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்லமாட்டேன் அம்மா. விண்ணப்பிக்கிறவர் பெயரை எஃப்பிஐ தன் பழைய கோப்புகளில் தேடிப் பார்க்கும், எந்த வழக்கிலோ சாட்சியாக ஓரமாக வந்த பெயர்கூட அதில் மாட்டும். முகமது என்பதையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம், ஒவ்வொன்றையும் யாராவது உட்கார்ந்து பார்த்து இது அவரில்லை என்று ஒதுக்கவேண்டும். இதுபோக, பாதுகாப்புச் சந்தேகம் என்று சில மனுக்களைத் தனியே ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு 2008 முதல் இருக்கிறது, அதில் முஸ்லிம்களே அதிகம் சிக்குகிறார்கள் என்று வழக்கும் நடந்திருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களின் கூத்து வேறு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் 'எஃப்என்யூ', அதாவது முதல் பெயர் தெரியாது, என்று அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த ஒரே பெயர், அங்கே போனால் தெரியாதாம்!

ஆனால் ஒரு பிடி இருக்கிறது. இன்டர்வியூ முடிந்து 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் அந்தப் பகுதி மாவட்ட ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம், அவர்கள் குடியேற்றச் சட்டத்தின் 336-வது பிரிவிலேயே இருக்கிறது. நீதிபதி தானே தீர்ப்பு சொல்லலாம், இல்லை உத்தரவோடு திருப்பி அனுப்பலாம். இப்படி வழக்குகள் குவிந்ததும் அங்கேயும் சாமர்த்தியம் காட்டினார்கள். பெயர் சோதனை முடியாமல் இன்டர்வியூவே வைப்பதில்லை என்று 2006-இல் மாற்றிக்கொண்டார்கள், இன்டர்வியூ நடந்தால்தானே 120 நாள் ஓட ஆரம்பிக்கும். உங்கள் மகனுக்கு அது நடந்துவிட்டது, நாளும் தாண்டிவிட்டது. நல்ல வக்கீலாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி அங்கே போய்ப் பதினெட்டு வருஷம். கிரீன் கார்டே வரவில்லை, இவர்கள் ஆறு மாதத்துக்கு அழுகிறார்களே?
– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டு வருஷத்துக்குச் சுமார் 1,40,000, மனைவி பிள்ளைகளையும் சேர்த்து. எந்த நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது, இந்தியாவுக்கும் அதே வரம்பு, ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு. குடியுரிமைக்கான ஐந்து வருஷக் கணக்கு கிரீன் கார்டு வந்த பிறகுதான் தொடங்கும். உங்கள் தம்பி இன்னும் வாசலுக்கு வெளியே நிற்கிறார் சார். எரிச்சல் நியாயம்தான், அதைத் திருவல்லிக்கேணி அம்மா மேல் காட்டவேண்டாம்.

கேள்வி: 1990-இல் இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தவர்கள் என் பெற்றோர். நான் 1993-இல் கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் பிறந்தேன், இப்போது சென்னையில் கணக்கு எழுதும் வேலை. குடியுரிமைக்கு எழுதிப்போட்டால் எத்தனை வருஷம் ஆகும்?
– பெயர் வேண்டாம், வளசரவாக்கம்

பதில்: எத்தனை வருஷம் என்று சொல்ல, முதலில் மனுவை வாங்கவேண்டுமே. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது, அவர் 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும்.

சரி, 12 வருஷம் வசித்தால் விண்ணப்பிக்கலாமே என்றால், பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி', அவர் மனுவே போடமுடியாது என்று 2003 திருத்தம் கதவைச் சாத்திவிட்டது. கும்மிடிப்பூண்டியில் பிறந்த குழந்தை எந்த எல்லை வழியாக நுழைந்தது என்று யாராவது எனக்கு விளக்கினால் தேவலை. 2019 திருத்தத்தில் ஐந்து வருஷம் போதும் என்ற சலுகை பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானுக்கு மட்டும், இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று 2025-இல் விலக்கு கொடுத்தார்கள். நல்லதுதான், ஆனால் ஜெயிலுக்கு அனுப்பமாட்டோம் என்பது ஒன்று, குடிமகள் என்பது வேறு.

ஒன்று விசாரியுங்கள். உங்கள் தாத்தா பாட்டி மலையகமா, அதாவது இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்கள் வழியா? 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்துத் தாள் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்புறம், எதைக் கொடுத்தாலும் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீது வாங்குங்கள். இதேபோல் ஒரு நண்பருக்குத் துணையாக ஓர் ஆபீசுக்குப் போனேன். 'ஃபைல் மேலே போயிருக்கு' என்று பேனாவால் கூரையைக் காட்டினார் அங்கிருந்தவர். நாங்கள் நின்றது மொட்டைமாடிக்குக் கீழே, அதுதான் கடைசி மாடி. மறுத்து ஒரு வரி எழுதிக்கொடுத்திருந்தால் நண்பர் கோர்ட்டுக்காவது போயிருப்பார். இல்லை என்று சொல்லாமல் இழுத்தடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் வசதியே அதுதான்.

கேள்வி: புரோக்கர் ஒருவர் முகாம்காரர்களுக்கு வாக்காளர் அட்டை எடுத்துத் தருகிறாராம். வாங்கலாமா?
– ஒரு வாசகர், புழல்

பதில்: கூடவே கூடாது. நாளைக்கு வழக்கு உங்கள் மேல்தான் வரும், புரோக்கர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அந்தக் காசில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் பள்ளி டிசிக்கும் நாலு செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.